நாற்பத்திரண்டு மீட்டர் ஏற்றத்துக்குத் தார் போடப் போன பயணம்

சென்ற நவம்பர் கடைசி வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, நாலாயிரத்து ஐம்பது யூரோவைத் துணிப்பட்டியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஸ்டுட்கார்ட்டிலிருந்து புறப்பட்டேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. தங்கச்சி வீட்டு ஏற்றத்துக்குத் தார் போடப் போனேன். எங்கள் ஆட்கள் பலர் இப்போது குளிர்ப் பக்கத்து மலை ஊர்களில் மலிவாகக் கிடைக்கும் பழைய வீடுகளை வாங்க யோசிக்கிறார்கள். வீட்டின் விலையை எல்லோரும் கேட்கிறார்கள். தெருவிலிருந்து வீட்டு வாசல் வரை உள்ள பாதையின் விலையை யாரும் கேட்பதில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் எழுத்துப் படித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. இளமையில் கடல், பிறகு இங்கே இருபது வருடம் ஹோட்டல் சமையலறையில் சட்டி பானை. ஓய்வு கிடைத்த பிறகுதான் தமிழ் எழுத்தையும் ஜெர்மன் எழுத்தையும் சேர்த்துப் பிடித்தேன். மெதுவாகத்தான் எழுதுவேன். மகள் கணினியில் ஏற்றித் தருகிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டவும்.

தங்கச்சி றெஜினாவும் அவள் கணவர் அந்தோனியும் பயேர்ன் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், செக் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று றெஜினா சொல்லிவிட்டாள். அந்தப் பக்கத்தை ஜெர்மன்காரர்களே பகிடியாக ‘பயேர்ன் சைபீரியா’ என்பார்கள். அந்தோனி அங்கே ஒரு பீங்கான் தொழிற்சாலையில் வேலை செய்தார். தொழிற்சாலை மூடியபோது ஊரில் வீடுகளின் விலை விழுந்தது. மேட்டில் தனியாக நின்ற ஒரு வீட்டை, ஒரு நல்ல காரின் விலைக்கு வாங்கினார்கள். இரண்டு வருடத்தில் அந்தோனியின் சிறுநீரகங்கள் பழுதாகின. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் இருபத்தெட்டுக் கிலோமீட்டர் தள்ளியுள்ள பட்டணத்துக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். நோயாளிகளை ஏற்றும் வாகனம் ஒன்று வாசலுக்கே வந்து கூட்டிப் போகும். அவரால் ஒரு இருபது அடி நடக்க முடியும், அதற்கு மேல் மூச்சு வாங்கும்.

போன குளிர்காலத்தில் அந்த வாகனம் ஏற்றத்தின் நடுவில் வழுக்கி, அந்தோனி உள்ளே இருக்க, பின்பக்கமாகவே இறங்கியது. ஓரத்தில் நின்ற பிளம்ஸ் மரம் தடுத்திருக்காவிட்டால் கீழே ஓடைக்குள் போயிருக்கும். இந்த வருடம் வாகனக் கொம்பனிக்காரர்கள் முன்கூட்டியே தங்கள் முடிவைச் சொல்லிவிட்டார்கள். அன்று பின்னேரமே றெஜினா எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அண்ணை, உறைபனி விழுந்தால் வாகனம் மேல வராதாம். தார் போட்டால் வந்து பாப்பினமாம். இல்லையெண்டால் இவரைப் பங்குனி மட்டும் பட்டணத்திலை முதியோர் இல்லத்திலை விடட்டாம். அங்க ஒரு கட்டில் பிடிச்சு வைச்சிருக்கினம். வாற கிழமை வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு முதல் ஓமோ இல்லையோ சொல்லோணும்.”

“அவன் என்ன சொல்லுறான்?”

“சப்பாத்தைத் துடைச்சுக்கொண்டிருக்கிறார்.”

அந்தச் சப்பாத்துத்தான் என்னைப் பயப்படுத்தியது. எங்கும் போக முடியாத ஆள் எதற்குச் சப்பாத்தைத் துடைக்க வேண்டும்?

இனி விலைக்கு வருகிறேன். பாதையின் நீளம் நாற்பத்திரண்டு மீட்டர், அகலம் மூன்று மீட்டர். ஆக நூற்று இருபத்தாறு சதுர மீட்டர். அது சொந்தப் பாதை என்பதால் நகரசபை ஒரு சதமும் தராது. றெஜினா இரண்டு கொம்பனிகளிடம் விலை கேட்டிருந்தாள். ஒன்று பன்னிரண்டாயிரத்து நானூறு யூரோ. மற்றது ஒன்பதாயிரத்து இருநூற்றைம்பது. நடுவில் ஒரு வான் வண்டி வாசலுக்கே வந்து, நெடுஞ்சாலை வேலையில் மிஞ்சிய தார் இருக்கிறது, கையில் காசு தந்தால் இரண்டாயிரத்துத் தொளாயிரத்துக்கு இன்றைக்கே போட்டுத் தருகிறோம் என்றது. அந்தோனி சரி என்று சொல்லப் போனாராம். றெஜினா கதவைச் சாத்திவிட்டாள். நல்ல காரியம் செய்தாள். குளிர் நாட்டில் தாரின் அடியில்தான் பாதி வேலை. ஐம்பது சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டி, நீர் தங்காத சரளைக்கல் நிரப்பி அமுக்க வேண்டும். நீர் தங்கினால் உறையும்போது பெருத்துத் தாரைத் தூக்கி உடைக்கும். ஒன்பதாயிரத்து இருநூற்றைம்பதில் நாலாயிரத்து அறுநூறு யூரோ அந்த மண்வேலைக்குத்தான். தாருக்குச் சதுர மீட்டருக்கு முப்பத்திரண்டு யூரோப்படி நாலாயிரத்து முப்பத்திரண்டு. மிச்ச அறுநூற்றுப் பதினெட்டு ஓரக்கல்லுக்கு. கொட்டும் காசில் பாதி கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகிறது என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விடயம். தார் கலக்கும் ஆலை குளிர்காலத்தில் மூடிவிடும். அந்தப் பக்கத்து ஆலை நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது. வியாழக்கிழமை இரவிலிருந்து கடும் உறைபனி என்று வானிலையில் சொன்னதும், புதன்கிழமையோடு இந்த வருடத்துக்கு மூடுகிறோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்த டெர்மின், அதாவது வேலைக்குக் குறித்த நாள், செவ்வாய்க்கிழமை. அதை விட்டால் சித்திரை மாதம். மண்வேலையும் ஓரக்கல்லும் முன்பே முடிந்திருந்தன, அவற்றுக்கு றெஜினாவின் சேமிப்புச் சரியாகப் போயிற்று. தாருக்கு நான் மாதாமாதம் கட்டிவந்த சீட்டைக் கழிவு கொடுத்து முந்தி எடுத்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி ஏழு நிமிடத்துக்கு ரயில். ஸ்டுட்கார்ட்டிலிருந்து நூரம்பேர்க், அங்கே மாறி மார்க்ட்ரெட்விட்ஸ். அரைக் கட்டண அட்டை இருந்ததால் இருபத்தாறு யூரோ நாற்பது சதம். நூரம்பேர்க் வரை இரண்டே முக்கால் மணித்தியாலம் ஆகும், அங்கே இருபத்தைந்து நிமிடம் நிற்க வேண்டும், பிறகு ஒன்றரை மணித்தியாலம். அவசரம் இல்லாதவர்கள் வேகமற்ற ரயிலையே எடுங்கள். அது ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கும், பெயர்ப் பலகையை நிதானமாகப் படிக்கலாம். இருபது வருடமாக இந்த நாட்டில் ஊர்களை நிறத்தாலும் கோபுரத்தாலும்தான் அடையாளம் வைத்திருந்தேன். இப்போது அவை தாங்களே பெயர் சொல்லின. எதிரில் இருந்த கிழவி சிரித்தாள். நான் வாய்விட்டுப் படித்திருக்கிறேன் போலிருக்கிறது.

அந்தச் சந்தோசம் நூரம்பேர்க் வரைக்கும்தான். அதற்கு அப்பால் வயல்களில் வெள்ளை தெரியத் தொடங்கியது. ஒவ்வொரு சுரங்கப்பாதை தாண்டும்போதும் வெள்ளை கூடியது. நான் இடுப்புப் பட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காசு களவு போகுமோ என்று ஒரு பயம். காசு போய்ச் சேர்ந்தும் பனி முந்திவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். மார்க்ட்ரெட்விட்ஸ் நிலையத்தில் இறங்கியபோது காற்று காதை அறுத்தது. மருந்துக்கடைப் பலகையில் எழுதியிருந்ததைப் படித்தேன்: நான்கு பாகை. உறைநிலைக்கு மேலே நான்கு. அதைப் படிக்கத் தெரிந்ததற்காக அந்த இடத்தில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அங்கிருந்து பஸ், நாலு யூரோ அறுபது, நாற்பத்தைந்து நிமிடம். கடைசி நிறுத்தத்துக்கு நான் ஒருவன்தான். சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“யார் வீட்டுக்கு?”

சொன்னேன்.

“மேட்டு வீடா? போன வருடம் நோயாளி வண்டி வழுக்கினது அங்கேதானே?”

“ஆம். நாளைக்குத் தார் போடுகிறோம்.”

“நாளைக்கா?” அவர் வெளியே வானத்தைப் பார்த்தார். “நல்ல காலம் உங்களுக்கு. வியாழக்கிழமைக்குப் பிறகு என்றால் நான் இந்த பஸ்ஸையே அந்த வளைவுக்கு மேல் கொண்டு போக மாட்டேன்.”

நல்ல காலம் என்று அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் நடை. ஏற்றத்தின் அடியில் நின்று பார்த்தேன். சரளைக்கல் நிரப்பி அமுக்கியிருந்தார்கள். இடது பக்கம் மேடு. வலது பக்கம் இரண்டு ஆள் உயரச் சரிவு, கீழே ஓடை. பிளம்ஸ் மரத்தில் பட்டை உரிந்த இடம் என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், என் இரண்டு கைகளை விட அகலம். அந்த வாகனத்தின் கனத்தை அந்த ஒரு மரம் எப்படித் தாங்கியதோ தெரியாது. மிச்சத் தூரத்தை மேட்டுப் பக்கம் ஒட்டியே ஏறினேன்.

கதவுக்குப் பக்கத்தில் அந்தோனியின் சப்பாத்து ஒரு சோடி, கறுப்பாக மின்னிக்கொண்டு இருந்தது. பக்கத்தில் சின்னப் பயணப்பெட்டி.

“வாங்கோ மச்சான்,” என்றார் அந்தோனி. அப்போதுதான் இரத்தம் சுத்திகரித்துவிட்டு வந்து படுத்திருந்தார். முகம் பழைய மெழுகு நிறம். “காசு கொண்டு வந்திட்டியளோ? இடுப்பு ஊதியிருக்குது.”

“ஓம். இந்தப் பெட்டி என்னத்துக்கு?”

“இல்லத்துக்குத்தான். நாலு சேட்டு, ஒரு செபமாலை. நாலு மாசம்தானே.”

“தார் போட்டால் நீ ஏன் போறாய்?”

அவர் குரலைத் தாழ்த்தினார். றெஜினா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். “மச்சான், அங்க எங்களோட மிசினிலை கிடந்த மூண்டு பேரைக் குளிருக்கெண்டு அந்த இல்லத்திலை விட்டவை. திரும்பி வீட்டுக்குப் போனதை நான் காணேல்ல. ஒருத்தரையும். அவளிட்டச் சொல்லாதேங்கோ.”

குசினியிலிருந்து குரல் வந்தது: “எனக்குக் கேக்குது. ரெண்டு பேரும் தேத்தண்ணி குடியுங்கோ.”

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது இரண்டு பாகை. ஏழு மணிக்கு நாலு வேலையாட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவரான போர்மனின் பெயர் றாய்னர், ஐம்பது வயதிருக்கும், நரைத்த பெரிய மீசை. தார் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அஸ்பால்ட், அஸ்பால்ட் என்று திருத்துவார். நான் திருந்தவில்லை. அவர் எனக்கு விளக்கியது இதுதான். ஆலையில் நூற்று அறுபது பாகைச் சூட்டில் கலவையை லொறியில் கொட்டுவார்கள். நூறுக்குக் கீழே இறங்குவதற்குள் பரப்பி, உருளையால் அமுக்கி முடிக்க வேண்டும். கோடையில் அவகாசம் இருக்கும். இந்தக் குளிரில், இந்தக் காற்றில், லொறி வந்து நின்ற நிமிடத்திலிருந்து அது இறுகத் தொடங்கும். எங்கள் பாதைக்கு இருபத்து நாலு தொன். பன்னிரண்டு தொன்னாக இரண்டு லொறி. மேலே வாசலில் தொடங்கிக் கீழே தெரு வரை வருவார்கள்.

பத்து இருபதுக்கு முதல் லொறி பின்பக்கமாக ஏறியது. நான் பிளம்ஸ் மரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அதன் பின்சக்கரம் சரிவின் விளிம்பிலிருந்து ஒரு முழத்தில் வந்தது. சரளைக்கல் ஒன்று கழன்று ஓடைக்குள் விழுந்த சத்தம் கேட்டது. றெஜினா ஜன்னலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், உதடு மட்டும் அசைந்தது. லொறி ஏறிவிட்டது. கறுப்பு, ஆவி பறக்க, கொட்டியது. நான்கு பேரும் ஓட்டமும் நடையுமாகப் பரப்பினார்கள், உருளை பின்னால் வந்தது. பதினொன்றரைக்குப் பாதிப் பாதை முடிந்து, கண்ணாடி மாதிரிக் கிடந்தது. இவ்வளவு அழகான ஒன்றை நான் அண்மையில் பார்க்கவில்லை. இரண்டாவது லொறி பன்னிரண்டரைக்கு வரும் என்றார் றாய்னர்.

அப்போதுதான் றெஜினா வாசலில் வந்து நின்று சாப்பிடக் கூப்பிட்டாள்.

அவள் விடியற்காலையே எழும்பிச் சமைத்திருந்தாள். சோறு, ஆட்டிறைச்சிக் கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், கட்லட், பாயாசம். வீட்டு வேலைக்கு வந்தவர்கள் கை நனைக்காமல் போனால் அந்த வேலை நிலைக்காது என்பது எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து உள்ள நம்பிக்கை. அதுவும் நின்றுகொண்டு சாப்பிடக் கூடாது, மேசையில் இருத்திப் பரிமாற வேண்டும். றாய்னர் வேண்டாம் என்றார், ரொட்டி கொண்டு வந்திருக்கிறோம் என்றார். எங்கள் ஆட்களிடத்தில் முதல் முறை வேண்டாம் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது முறையும் அப்படித்தான். மூன்றாவது முறை றெஜினா அவருடைய கையைப் பிடித்தே இழுத்துவிட்டாள். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாலு பேரும் உள்ளே வந்தார்கள். இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை என்றார் றாய்னர்.

இரண்டாவது லொறி பதினொன்று ஐம்பதுக்கே வந்துவிட்டது. தெருவில் வண்டி இல்லாததால் முந்திவிட்டதாம். சாரதி போர்மனிடம் சொல்ல வாசலுக்கு வந்தார். வந்தவரை றெஜினா விடுவாளா? அவருக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை வைத்தாள்.

குற்றத்தை அவள் மேல் மட்டும் போட மாட்டேன். கரண்டியோடு நின்றது நான். கோப்பையில் வெறுமை தெரிந்தால் எனக்குப் பொறுக்காது. இறைச்சியை அள்ளி அள்ளி வைத்தேன். றாய்னருக்கு உறைப்பில் கண்ணீர் வந்தது, மீசையைத் துடைத்துக்கொண்டு “நல்லது, நல்லது” என்றார். இளைய வேலையாள் ஒருவன் மூன்றாம் முறை சோறு கேட்டான். அந்தோனி படுக்கையறையிலிருந்து எழும்பி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்று அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு உப்பும் இல்லை, பருப்பும் இல்லை, தண்ணீரே அளவுதான். பிறர் சாப்பிடுவதைப் பார்ப்பதுதான் அவருடைய சாப்பாடு. அந்த வீட்டில் பல மாதமாகச் சிரிப்புச் சத்தம் இருந்திருக்காது. யார் அதைக் குழப்புவார்கள்?

ஒரு மணி தாண்டி, பாயாசம் வந்தபோது றாய்னர் ஜன்னலைப் பார்த்தார். லொறியின் மேல் போர்த்திய தார்ப்பாயின் ஓரத்திலிருந்து பறந்துகொண்டிருந்த ஆவி நின்றிருந்தது.

அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடியே வெறும் காலுறையோடு வெளியே ஓடினார். மற்றவர்கள் பின்னால். மேசையில் ஐந்து கோப்பை பாயாசம். றெஜினா என்னைப் பார்த்தாள்.

“என்ன அண்ணை? என்ன நடந்தது?”

“ஆறிப்போச்சு.”

“சாப்பாடோ?”

“தார்.”

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். அந்தோனி திரும்பி, கதவுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் எங்கே முகத்தை வைப்பது?

மேலும் ஓரங்களிலும் நாலு விரல் கனத்துக்கு இறுகிக் கட்டி பிடித்துவிட்டது. நடுவில் மட்டும் சூடு இருந்தது. கட்டிகளை மண்வெட்டியால் உடைத்து ஓரத்தில் தள்ளிவிட்டு, நடுவில் இருந்ததை இழுத்துப் பரப்பினார்கள். மண்வெட்டிச் சத்தமும் உருளைச் சத்தமும்தான். நானும் ஒரு மண்வெட்டியை எடுத்தேன், றாய்னர் வாங்கி வைத்துவிட்டார். மூன்று மணிக்குக் கலவை தீர்ந்தது. தெருவுக்கு இன்னும் நாலு மீட்டர் இருந்தது. அந்த நாலு மீட்டர்தான் மோசமான இடம். மேட்டிலிருந்து கசியும் நீர் அந்த இடத்தைக் குறுக்கே கடந்துதான் ஓடைக்குப் போகும். முதலில் உறைவது அதுதான்.

றாய்னர் ஆலைக்குத் தொலைபேசி எடுத்தார். நாளை கடைசி நாள், எல்லாம் பெரிய வேலைகளுக்குப் பதிவாகிவிட்டது, இரண்டு தொன்னுக்காக இன்றைக்குத் திரும்ப உலையைச் சூடாக்க மாட்டோம் என்றார்கள். அவர் கொஞ்ச நேரம் மீசையை இழுத்துக்கொண்டு நின்றார். பிறகு ஓரத்தில் கிடந்த ஆறிய கட்டிகளைக் கொண்டுவரச் சொல்லி, சம்மட்டியால் உடைத்து, அந்த நாலு மீட்டரில் கொட்டி உருளையால் அமுக்கினார். முட்டைக்கோது பரப்பியது போலக் கரடுமுரடாக இருந்தது.

“இது பாதை இல்லை,” என்றார். “குளிர்காலம் தாங்குமா என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். சித்திரையில் வந்து ஒழுங்காகப் போடுகிறேன்.”

நான் காசை எண்ணிக் கொடுத்தேன். அவர் அந்தப் பன்னிரண்டு சதுர மீட்டருக்கு உரிய முந்நூற்று எண்பத்து நாலு யூரோவைத் திருப்பி நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தவறு எங்களுடையது என்றேன்.

“நானும்தானே சாப்பிட்டேன்,” என்றார்.

புதன்கிழமை வாகனம் வந்தது. அதை ஓட்டுவது மோனிகா என்ற பெண், நாற்பது வயதிருக்கும், பீப்பாய் மாதிரி உறுதியான ஆள். போன வருடம் வழுக்கியபோதும் அவள்தான் ஓட்டினாள். இறங்கி, கரடுமுரடான இடத்தைக் குதிகாலால் உதைத்துப் பார்த்தாள்.

“இன்றைக்குச் சரி. வெள்ளிக்கிழமை உறைபனியில் பார்த்துத்தான் சொல்வேன். எனக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.”

வியாழக்கிழமை பின்னேரம் வானம் தெளிந்தது. தெளிந்த வானத்தைப் பார்த்து நான் அவ்வளவு பயந்தது கடலில்கூட இல்லை. முகில் இருந்தால் சூடு தங்கும். அன்று ஒரு முகில்கூட இல்லை. றெஜினா சமைக்கவில்லை. பாணும் சம்பலும் சாப்பிட்டோம். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம், குளிருக்குச் சத்தம் இருப்பது போல.

வெள்ளிக்கிழமை காலை மைனஸ் ஒன்பது. பாதையின் நாலு மீட்டர் வெள்ளையாக இருந்தது. கசிந்த நீர் கட்டிகளுக்கு நடுவில் உறைந்து, கட்டிகளின் மூக்குகள் மட்டும் கறுப்பாக வெளியே தெரிந்தன. அந்தோனி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். பெட்டி பக்கத்தில். வாகனம் ஏறாவிட்டால் நானும் கீழ்த் தெருவில் இருக்கும் ஒருவரும் அவரைக் கதிரையோடு தூக்கி இறக்குவது, அவர் அந்தப் பெட்டியோடு போவது, பட்டணத்திலேயே தங்கிவிடுவது என்று பேசி வைத்திருந்தோம்.

ஆறு நாற்பதுக்குத் தெருவில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. வாகனம் அடியில் நின்றது. கனநேரம் நின்றது. கதவு திறக்கவில்லை. அவள் உள்ளே இருந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன். நான் வாசற்படியில் நின்றேன், என் கை பிடித்திருந்த இரும்புக் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. பிறகு எஞ்சின் சத்தம் மாறியது. முன்சக்கரம் வெள்ளையில் ஏறியது. ஒரு முறை சுற்றியது, பிடிக்கவில்லை. வாகனம் ஓடைப் பக்கம் ஒரு சாண் விலகியது. றெஜினா என் சட்டையைப் பிடித்தாள். அடுத்த சுற்றில் சக்கரம் அந்தக் கட்டி மூக்குகளைக் கவ்வியது. பிறகு வழுவழுப்பான தாரில் ஒரே மூச்சாக வாசல் வரை வந்து நின்றது.

மோனிகா இறங்கினாள். நெற்றியில் வியர்வை. “ஏறும்,” என்றாள். “கீழே அந்த இடத்தில் ஒவ்வொரு நாளும் சாம்பலோ உப்போ போடுங்கள். போட்டால் வருகிறேன். போடாவிட்டால் வர மாட்டேன்.”

அந்தோனி எழும்பினார். பெட்டியை எடுக்கவில்லை. வாகனத்தில் ஏறி இருந்துகொண்டு றெஜினாவைப் பார்த்துச் சொன்னார்:

“இஞ்ச, அந்தப் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டிடாதை. முதல்ல வண்டி இறங்கட்டும்.”

றெஜினா கூப்பிடவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு உள்ளே ஓடி, நாலு கட்லட்டைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக மோனிகாவின் மடியில் போட்டாள். வாகனம் இறங்கித் தெருவில் திரும்பி மறையும் வரை நின்றாள். பிறகு உள்ளே போய் இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்து, கட்டில் வேண்டாம் என்று சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள். நான் பெட்டியைத் திறந்து நாலு சேட்டையும் அலுமாரியில் தொங்கவிட்டேன். செபமாலையைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

அங்கே போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். வீடு வாங்கும் முன் தை மாதத்தில் ஒரு முறை போய், தெருவிலிருந்து வாசலுக்கு நடந்து பாருங்கள். கோடையில் பார்த்தால் எல்லா ஏற்றமும் அழகாகத்தான் இருக்கும். தார் போடுவதென்றால் புரட்டாசிக்குள் முடியுங்கள். வாசலுக்கு வந்து மிஞ்சிய தார் என்று சொல்லும் வானுக்குக் கதவைத் திறக்காதீர்கள். சிறு அளவுக்குத் தனியாகக் கலவை வாங்கினால் கூடுதல் காசு கேட்பார்கள், எங்கள் நாலு மீட்டருக்கு இருநூற்றுத் தொண்ணூறு யூரோ மேலதிகமாகும் என்று றாய்னர் சொல்லியிருக்கிறார். சாம்பலும் உப்பும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வேலையாட்களுக்குக் கட்டாயம் சாப்பாடு கொடுங்கள். ஆனால் கடைசி லொறி போன பிறகு கொடுங்கள். இல்லாவிட்டால் கட்டிக் கொடுத்துவிடுங்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடட்டும்.

இப்போது மாசி மாதம். காலையில் பத்திரிகையில் நான் முதலில் படிப்பது அந்த மூலையின் வெப்பநிலையை. இன்று மைனஸ் பதினொன்று. றெஜினாவும் நானும் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். வாகனம் பத்திரமாக இறங்கினால் ஒரு முறை மணி அடித்து நிறுத்துவாள். அந்தோனி வீடு திரும்பி வாசலில் இறங்கினால் இரண்டு முறை. நான் எடுக்க மாட்டேன், எடுத்தால் அவளுக்குக் காசு போகும். காலை ஏழு மணிக்கு ஒரு முறை அடித்தது. அதிலிருந்துதான் இதன் கடைசிப் பக்கங்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். வழக்கமாக ஒரு மணிக்கு வந்துவிடுவார். இப்போது ஒன்றே முக்கால். தேத்தண்ணீர் ஆறிவிட்டது. தொலைபேசியை மேசையின் இந்தப் பக்கத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு சொல் எழுதுவதும் அதைப் பார்ப்பதுமாக இருக்கிறேன்.

அடிக்கிறது. ஒன்று.

இரண்டு. நின்றுவிட்டது.